நந்தவனத்து ஆண்டி போட்டுடைத்த தோண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் பேசும் வீடுகளில் இந்த நான்கு வரிகளை அறியாதவர்கள் குறைவு. குழந்தைகளின் கைதட்டலோடும் கும்மியோடும் பாடப்பட்டு வந்திருக்கும் இந்தப் பாட்டு சாவைப் பற்றியது என்று யாரேனும் சொன்னால், கேட்பவர் முதலில் நம்புவதில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஏதோ மறைந்திருப்பதாக எண்ணித் தோண்டத் தொடங்கிவிடுகிறார். பாட்டின் இருண்ட பொருள் எது, அதற்குப் பாட்டுக்குள்ளேயே என்ன சான்று இருக்கிறது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவை குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

எந்தப் பாட்டைப் பற்றிய பேச்சு இது? எழுதியவர் யார்?

கடுவெளிச் சித்தர் பாடியதாக வழங்கும் ஆனந்தக் களிப்பு என்ற பாட்டில் வரும் ஒரு கண்ணி, அதாவது ஒரு சிறு பாடற்பகுதி, இது.

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி.

பலருக்கும் இந்த நான்கு வரிகளே முழுப் பாட்டு. உண்மையில் இது ஒரு நீண்ட பாட்டின் நடுவிலிருந்து தனியாகப் பிரிந்து வந்த துண்டு. கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தச் செய்திதான் திறவுகோல் என்பதால் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

வெளிப்படையான கதை என்ன?

பூந்தோட்டத்தில் ஓர் ஆண்டி இருந்தான். மாதக்கணக்கில் குயவனைக் கெஞ்சி ஒரு தோண்டியை, அதாவது சிறு மண்கலத்தை, வாங்கி வந்தான். வாங்கிய மகிழ்ச்சியில் ஆட்டம் போட்டு அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். குழந்தைக்குச் சிரிப்பு வருவதற்கு இவ்வளவு போதும்.

அப்படியானால் ஆழ்ந்த பொருள் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆண்டி என்பது உயிர். நந்தவனம் இந்த உலகம். குயவன் படைப்பவன். தோண்டி உடம்பு. தாயின் வயிற்றில் பத்து மாதம் கிடந்து, படைத்தவனிடம் இரந்து பெற்ற உடம்பை, மனம் போன போக்கில் ஆடி வீணாக்கி, இறுதியில் சாவுக்குக் கொடுத்துவிடுகிறான் மனிதன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சிறு வேறுபாடுகளோடு இதைச் சொல்பவர்களும் உண்டு. உயிரும் உடம்பும் சாவும் எல்லா விளக்கங்களுக்கும் பொது.

இது படித்தவர்கள் பிற்பாடு ஏற்றிச் சொன்ன பொருளாக இருக்கக் கூடாதா? ஆண்டி வெறும் ஆண்டியாகவும் தோண்டி வெறும் தோண்டியாகவும் இருந்தால் என்ன?

நியாயமான ஐயம். இந்த நான்கு வரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் சித்தர் அவற்றை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பாட்டின் பல்லவி இது:

பாபஞ்செய் யாதிரு மனமே – நாளைக்
கோபஞ்செய் தேயமன் கொண்டோடிப் போவான்
பாபஞ்செய் யாதிரு மனமே.

எமன் வந்து தூக்கிக்கொண்டு ஓடப்போகிறான் என்ற அறிவிப்போடுதான் பாட்டே தொடங்குகிறது. ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் பல்லவிக்குத் திரும்புவது பாடும் மரபு. ஆகவே ஆண்டி தோண்டியைப் போட்டுடைத்த மறு நொடியே, முழுப் பாட்டையும் பாடுகிறவரின் வாயில் எமன் வந்து நிற்கிறான். அதோடு முடியவில்லை. ஆண்டியின் கண்ணிக்கு நேர் முன்னால் இருக்கும் கண்ணியைப் படியுங்கள்:

நீர்மேற் குமிழியிக் காயம் – இது
நில்லாது போய்விடும் நீயறி மாயம்
பார்மீதில் மெத்தவும் நேயம் – சற்றும்
பற்றா திருந்திடப் பண்ணும் உபாயம்.

காயம் என்றால் உடம்பு. நீர்க்குமிழிபோல் இந்த உடம்பு நில்லாமல் போய்விடும் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி முடித்த கையோடு ஆண்டியின் கதை தொடங்குகிறது. முன் கண்ணியில் குமிழி. பின் கண்ணியில் மண்தோண்டி. இரண்டும் உருண்டையானவை, உள்ளே வெற்றிடம் உள்ளவை, ஒரு தட்டுக்குத் தாங்காதவை. அடுத்து வரும் கண்ணியோ, தேடிய சொத்துகளில் ஒரு தூசும் உடன் நில்லாது என்கிறது. இரு பக்கமும் நிலையாமையைப் பேசும் கண்ணிகள் நிற்க, நடுவில் மட்டும் ஒரு வேடிக்கைக் கதையைச் சித்தர் செருகினார் என்று கொள்வதுதான் வலிந்த பொருள். இருண்ட பொருளை அவர் மறைத்து வைக்கவே இல்லை. கண்ணியைத் தனியே வெட்டி எடுத்துப் பாடப் பழகியதால் அது நம் கண்ணுக்குப் படாமல் போயிற்று.

கதைக்குள்ளேயே ஒரு விரிசலும் உண்டு. மண்தோண்டி விலை உயர்ந்த பொருளா என்ன? சக்கரத்தில் களிமண் உருண்டையை வைத்துச் சுழற்றினால், கை பழகிய குயவர் சில நிமிடங்களில் ஒரு கலத்தை எழுப்பி, நூலால் அடியை அறுத்து எடுத்துவிடுவார். பிறகு அதைத் தட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் சில நாள் வேலை. ஒரே சூளையில் எத்தனையோ பானைகள் வேகும். அதில் ஒன்றுக்காக ஒருவன் மாதக்கணக்கில் கெஞ்சினான் என்றால், இது சந்தையில் கிடைக்கும் தோண்டி இல்லை என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. கதை நடப்புக்குப் பொருந்தாமல் இடறும் இடத்தில் வேறு பொருளைத் தேடச் சொல்கிறார் புலவர். விடுகதைகளில் நம் பாட்டிமார் கையாண்ட முறையும் இதுதான்.

"நாலாறு மாதம்" என்பது எப்படிப் பத்து மாதம் ஆகும்? நாலாறு இருபத்து நான்கு அல்லவா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. நாலும் ஆறும் என்று கூட்டினால் பத்து. பெருக்கினால் இருபத்து நான்கு. நாலைந்து நாள் அலைந்தேன் என்று நாம் பேசுவதுபோல் எடுத்துக்கொண்டால் நாலோ ஆறோ மாதம் என்றும் ஆகும். இம்மூன்றுக்கும் தமிழ் இடம் தருகிறது.

பெருக்கிச் சொல்வதே செய்யுளில் மிகுந்த வழக்கு. தாயின் ஈமச் சடங்கில் பட்டினத்தார் பாடிய பாட்டு, கருவில் சுமந்த காலத்தை "ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்து பெற்று" என்று சொல்கிறது. ஐயிரண்டு பத்து என்பது பெருக்கல். கடுவெளிச் சித்தரே இதே பாட்டின் வேறொரு கண்ணியில் "அறம் நாலெட்டில் ஒன்றேனும் நாடித்தள் ளாதே" என்கிறார். முப்பத்திரண்டு அறங்கள் என்பது தமிழில் நிலைபெற்ற கணக்கு. ஆக அங்கே அவர் பெருக்குகிறார். அங்கே பெருக்கியவர் இங்கே கூட்டுவாரா என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

என் கருத்து இது: பத்து மாதக் கணக்கை முதல் சான்றாக முன்வைப்பவர்கள் வலுவான வழக்கை வலுவற்ற முனையில் தொடங்குகிறார்கள். முன் கண்ணியும் பல்லவியும் தோண்டியை உடம்பு என்று உறுதி செய்த பிறகு, உடம்பு பெறுவதற்கு ஆகும் காலம் எது என்று பார்த்தால் பத்து என்னும் கூட்டல் தானாக வந்து பொருந்துகிறது. எண்ணை வைத்து உடம்பைக் கண்டுபிடிக்கக் கூடாது. உடம்பை வைத்து எண்ணைப் புரிந்துகொள்ளலாம். நாலாறு என்பதை வெறுமனே நீண்ட காலம் என்று கொண்டாலும் பாட்டின் பொருளுக்கு ஒரு குறையும் வராது.

பாட்டின் மிகக் கூர்மையான சொல் எது?

"மெத்தக் கூத்தாடிக் கூத்தாடி" என்ற இடம். சாவு இந்தப் பாட்டின் அதிர்ச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். மண்கலம் என்றால் உடையத்தான் செய்யும்; அதில் சித்தருக்கு வியப்பு ஒன்றும் இல்லை. தோண்டி உடைந்தது என்று எழுதியிருந்தால் அது இயற்கை. அவர் எழுதியது "போட்டுடைத்தான்" என்று. உடைத்தவன் அவன், கேட்டு வாங்கியவனும் அவனே. அதுவும் ஆத்திரத்திலோ கவனக்குறைவிலோ உடைக்கவில்லை, கிடைத்துவிட்டது என்ற களிப்பில் உடைத்தான். எதற்காகக் கெஞ்சினானோ அது கைக்கு வந்தவுடன், கெஞ்சிய காரணம் மறந்துபோயிற்று.

அந்தக் காரணம் என்னவென்றும் பாருங்கள். தோண்டி நீர் மொள்ளும் சிறு மண்கலம். கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றில் விடுவார்கள். நந்தவனம் என்பது கோயிலுக்குப் பூக்கொடுக்கும் தோட்டம். அங்கே இருக்கும் ஆண்டிக்குத் தோண்டி எதற்கு? செடிகளுக்கு நீர் வார்ப்பதற்கு. ஒரு வாளித் தண்ணீர் மொண்டான், ஒரு பாத்தி நனைந்தது என்று சொல்ல நான்கு வரிக்குள் இடம் இருந்தது, சித்தர் சொல்லவில்லை. வாங்கினான், ஆடினான், உடைத்தான். நடுவில் வேலை என்று ஒன்று நடக்கவே இல்லை. பாட்டில் எனக்கு மிக இருண்டதாகத் தெரிவது பாடாமல் விடப்பட்ட அந்த நடுப்பகுதிதான்.

உடம்பைக் கலமாகச் சொல்வது இவர் மட்டும் கையாண்ட உவமையா?

இல்லை; இது பழைய தடம். திருமூலர் யாக்கை நிலையாமை பற்றிப் பாடும் இடத்தில், குளத்து மண்ணைக் கொண்டு குயவன் வனைந்தான் என்று தொடங்கி,

குடமுடைந் தால்அவை ஓடென்று வைப்பர்
உடலுடைந் தால்இறைப் போதும்வை யாரே

என்று முடிக்கிறார். குடம் உடைந்தாலும் ஓடு எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். உடல் உடைந்தால் சிறு பொழுதுகூட வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். குயவனும் மண்ணும் உடைதலும் மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆண்டியின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த இரண்டு அடிகள் வேறு விளக்கமே தேவையில்லாமல் புரியும்.

சங்கப் பாட்டிலும் குயவர் சாவோடு சேர்ந்தே வருகிறார். ஆனால் அங்கே கலம் உடம்பு இல்லை, உடம்பை இட்டுப் புதைக்கும் தாழி. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்த சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யப்போகும் குயவரைப் பார்த்து, அவ்வளவு பெரியவனுக்கு ஏற்ற தாழியை "இருநிலம் திகிரியாப் பெருமலை மண்ணா" வனைய உன்னால் முடியுமா என்று கேட்கிறார். 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யும்படி வேண்டுகிறாள். சித்தர் இவற்றை மனத்தில் வைத்துத்தான் பாடினார் என்று நான் சொல்லவில்லை. குயவரை வேண்டுதல் என்ற செயலுக்குத் தமிழில் இப்படியும் ஒரு பின்னணி உண்டு என்பது வரை சொல்லலாம்.

இலக்கியத்தை விட்டுவிட்டுச் சுடுகாட்டுக்குப் போனாலும் இதே காட்சிதான். தமிழ்நாட்டின் பல சமூகங்களில் கொள்ளி வைக்கும் மகன் நீர் நிரம்பிய மண்குடத்தைத் தோளில் சுமந்து உடலைச் சுற்றி வருகிறான். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் நிற்பவர் குடத்தில் ஒரு துளை போடுகிறார். நீர் பீய்ச்சிக்கொண்டு தரையில் கோடு போடுகிறது. மூன்றாம் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்புறமாக விட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். கொள்ளிக்குடம் உடைவதை ஒருமுறை அருகில் நின்று கேட்டவர்களுக்குப் "போட்டுடைத்தாண்டி" என்ற சொல் விளையாட்டாக ஒலிப்பது கடினம்.

உடைந்தது நல்லதற்குத்தான், அது விடுதலை என்று சிலர் சொல்கிறார்களே?

குடத்துக்குள் இருக்கும் வெளியும் வெளியே இருக்கும் பெருவெளியும் ஒன்றே, குடம் உடைந்தால் இரண்டும் கலந்துவிடும் என்பது வேதாந்திகள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் உவமை. பாடியவர் பெயரிலேயே வெளி இருப்பதால் இந்த விளக்கத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு. உடம்பைக் கடந்த ஞானி ஆனந்தக் கூத்தாடித் தோண்டியை உடைத்தெறிகிறான் என்று அவர்கள் படிக்கிறார்கள்.

அழகான படிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முழுதும் ஏற்க முடியவில்லை. பாட்டு முழுவதும் மனத்தைப் பார்த்து இதைச் செய்யாதே, அதைச் செய் என்று அறிவுறுத்திக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட பாட்டில் ஓர் ஆண்டியின் செயலைக் காட்டினால், அது எச்சரிக்கையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மேலும் "மெத்த" என்ற அடை அளவு மீறியதைக் குறிக்கிறது. முன் கண்ணியிலும் உலகத்தின் மீது "மெத்தவும் நேயம்" வைக்காதே என்று அதே சொல்லை அவர் குறையாகத்தான் ஆண்டிருக்கிறார். ஒரே சொல்லை அடுத்த கண்ணியிலேயே புகழாக மாற்றியிருப்பார் என்று கொள்ள எனக்குத் துணிவில்லை.

கடுவெளிச் சித்தரின் வாழ்க்கைக் கதைக்கும் பாட்டுக்கும் தொடர்பு உண்டா?

விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லுக்கு அருகில் இருக்கும் இரும்பை மாகாளேசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். அங்கே சித்தரைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுகிறது. அவர் செய்த கடுந்தவத்தால் நாட்டில் மழை பொய்த்ததாம். தவத்தைக் கலைக்க அரசன் ஒரு நாட்டியப் பெண்ணை அனுப்பினானாம். பிறகு ஒருநாள் கோயிலில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டிவிட்டார், கூட்டம் நகைத்தது, அவர் சினந்து சாபமிட, லிங்கம் வெடித்துச் சிதறியது என்பது கதை.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பாட்டின் முதல் கண்ணிக்குப் போனால் "சாபம் கொடுத்திட லாமோ", "கோபந் தொடுத்திட லாமோ" என்ற வரிகள் உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன. சினத்தால் ஊரைச் சபித்தவரே பின்னாளில் தன் மனத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாக அவை மாறிவிடுகின்றன. இருந்தாலும் பாட்டு கதையிலிருந்து பிறந்திருக்கலாம் என்பதைப் போலவே, கதை பாட்டிலிருந்து பிறந்திருக்கவும் கூடும். தலக்கதையைச் சான்றாக்கிப் பாட்டின் பொருளை முடிவு செய்வதை நான் தவிர்ப்பேன்.

இவ்வளவு கடுமையான செய்திக்கு ஏன் இப்படித் துள்ளும் மெட்டு?

ஆனந்தக் களிப்பு என்ற பாவகையின் நடை அப்படி. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமானவரும் "சங்கர சங்கர சம்பு" என்று இதே நடையில் பாடியிருக்கிறார். அது இறையனுபவத்தில் திளைக்கும் பாட்டு. அந்த நடையில் கடுவெளிச் சித்தர் சாவைப் பாடும்போது ஒன்று நேர்கிறது. ஆண்டியைப் பழிக்கும் பாட்டைப் பாடும் நாமே கைதட்டி, காலை மாற்றி வைத்து, கூத்தாடத் தொடங்கிவிடுகிறோம். ஒப்பாரி மெட்டில் இதையே பாடியிருந்தால் கேட்டவர் அழுதுவிட்டு ஆறியிருப்பார்.

அரசியல் மேடையிலும் பத்திரிகைகளிலும் இந்த வரிகள் வேறு பொருளில் வருகின்றனவே? அது தவறா?

பாடுபட்டுப் பெற்ற பதவியையோ உரிமையையோ தன் ஆட்டத்தாலேயே இழந்தவரைச் சொல்வதற்கு இந்த வரிகளைப் பயன்படுத்துகிறார்கள். அது தவறில்லை. வாங்கியவனே உடைத்தான் என்ற மையக் கருத்து அந்த வழக்கில் சிதையாமல் நிற்கிறது.

எந்தப் பாட்டிலும் இப்படி இருண்ட பொருளைக் கண்டுபிடித்துவிடலாம் போலிருக்கிறதே? உண்மையான பொருளையும் கற்பனையையும் எப்படிப் பிரிப்பது?

பிரிக்க முடியும் என்பதற்கு ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றைக் காட்டலாம். வட்டமாகக் கைகோத்துச் சுற்றி, கடைசியில் எல்லோரும் கீழே விழும் "ரிங்கா ரிங்கா ரோசஸ்" பாட்டு நம் மழலையர் பள்ளிகளிலும் பாடப்படுகிறது. ரோசா என்பது உடலில் தோன்றிய சிவப்புத் தடிப்பு, பூக்கள் நாற்றம் போக்க வைத்தவை, விழுவது சாவு, ஆகவே இது 1665ஆம் ஆண்டு லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோயைப் பற்றியது என்ற விளக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பாட்டு அச்சில் வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். கொள்ளைநோய் விளக்கமோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயிற்று. பாட்டுக்குப் பல வேறு வடிவங்கள் உண்டு. சில வடிவங்களில் வரும் தும்மல் ஒலியையும் சாம்பல் என்ற சொல்லையும்கூட அந்த விளக்கம் நோயோடு சேர்க்கிறது; அவை இல்லாத வடிவங்களும் இருக்கின்றன. நோய்க்குறிகளும் சரியாகப் பொருந்தவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மறைபொருளை ஒட்டவைத்தால் கதை முழுமையாகத் தெரிகிறது; அந்த முழுமையே அதன் ஒரே பலம்.

ஆண்டியின் பாட்டுக்கு அப்படியில்லை. விளக்கத்தை நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அதே புலவர், அதே பாட்டு, முந்தைய கண்ணி. நீங்கள் நேசிக்கும் வேறு எந்தப் பாட்டிலும் இருண்ட பொருள் தென்பட்டால் முதலில் பாட்டை முழுதாகப் படியுங்கள். உங்கள் விளக்கத்தைப் பாட்டின் மற்றப் பகுதிகள் தாங்குகின்றனவா, அல்லது அவற்றை ஒதுக்கி வைத்தால்தான் விளக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு, அந்தக் காலத்துக் கேட்பவர்களுக்கு அந்த உவமை பழகியதா என்று கேளுங்கள். பெரும்பாலான விபரீத விளக்கங்கள் இந்த இரண்டைத் தாண்டுவதில்லை.

குழந்தைகளுக்கு இதன் உண்மைப் பொருளைச் சொல்லிக் கொடுக்கலாமா?

கேட்டால் சொல்லலாம், கேட்காத குழந்தையை உட்கார வைத்துச் சொல்லத் தேவையில்லை. குழந்தைக்கு ஆண்டி உண்மையான ஆண்டியாகவும் தோண்டி உண்மையான தோண்டியாகவும் இருக்கட்டும். கிடைத்த பொருளை அன்றே உடைத்துவிட்டு நிற்பது என்றால் என்னவென்று பொம்மை உடைந்த குழந்தைக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பொருள் தெரிந்த பிறகு இந்தப் பாட்டைக் கும்மியடித்துப் பாடுவது முறையில்லை என்று கருதும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தயங்க வேண்டியதில்லை. அது பாடுவதற்கென்றே செய்யப்பட்ட பாட்டு.

முழுப் பாட்டையும் எங்கே படிக்கலாம்?

சித்தர் பாடல் தொகுப்புகளில் கடுவெளிச் சித்தர் பெயரில், ஆனந்தக் களிப்பு என்ற தலைப்பின் கீழ் இருக்கும். பதிப்புக்குப் பதிப்புச் சொற்பிரிப்பு மாறும். "போட்டுடைத் தாண்டி" என்றும் "போட்டு உடைத்தாண்டி" என்றும் பார்ப்பீர்கள், பொருள் ஒன்றுதான். முதன்முறை படிக்கிறவர்கள் பல்லவியைப் பாடி, நீர்மேற் குமிழியைப் பாடி, மறுபடி பல்லவியைப் பாடிவிட்டு, அதன் பிறகு ஆண்டியின் கண்ணிக்கு வாருங்கள். பழகிய மெட்டையே வைத்துக்கொள்ளலாம். மூன்று பகுதிக்கும் அது சரியாகப் பொருந்தும்.